இன்ட்ரான் ஆய்வுக்கு எந்தச் சிலியேட்டு? பாரமீசியம், டெட்ராஹைமினா, ஸ்டென்டார்: ஓர் ஒப்பீடு

முதுநிலை மாணவர்கள் இறுதிப் பருவ ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மார்கழி மாதத்தில், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. சிலியேட்டுகள் எனப்படும் குறு இழை கொண்ட ஒற்றைச்செல் உயிரிகளின் மரபணுக்களில் இருக்கும் இன்ட்ரான்கள் மிகச் சிறியவை என்று படித்திருக்கிறோம். அவற்றை ஆராய விரும்புகிறோம். ஆனால் எந்த உயிரியை எடுத்துக்கொள்வது என்பதில் முடிவுக்கு வர முடியவில்லை என்பதே அந்தக் கேள்வி. பாரமீசியம் வாய்க்கால் நீரிலேயே கிடைக்கிறது, டெட்ராஹைமினாவுக்கு நோபல் பரிசுப் பெருமை இருக்கிறது, ஸ்டென்டாரின் இன்ட்ரான்கள் வெறும் 15 நியூக்ளியோடைடு (மரபெழுத்து) நீளமே உடையவை என்பதால் வியப்பூட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்ச்சி இருப்பதால் தயக்கம் இயல்பானதே.

தேர்வைப் பெரும்பாலும் தீர்மானிக்க வேண்டியது உயிரியின் புகழன்று, இன்ட்ரானின் நீளத்தைக் கண்ணால் காட்டுவதற்கு உங்கள் ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது என்பதே என்று நான் கருதுகிறேன். சிலியேட்டு இன்ட்ரான்களைப் புகழ்பெற வைத்த அந்தச் சிறுமையே, சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் அவற்றைக் காண முடியாமல் செய்துவிடுகிறது.

## கேள்வியின் எல்லை

இன்ட்ரான் என்பது மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, பின்னர் அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி அகற்றப்படும் பகுதி. எஞ்சும் எக்ஸான்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுத் தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது. பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1977-இல் இதனைக் கண்டறிந்தன. இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனித மரபணுக்களில் ஓர் இன்ட்ரான் ஆயிரக்கணக்கான நியூக்ளியோடைடுகள் நீளலாம். பாரமீசியத்தில் அது 25 அளவில் முடிந்துவிடுகிறது.

சிலியேட்டுகளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. திட்டம் தொடங்கும் முன்பே அதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரே செல்லுக்குள் இரு வகை உட்கருக்கள் இருக்கின்றன. சிறு உட்கரு அடுத்த தலைமுறைக்குரிய மரபுப்பொருளைக் காத்து வைக்கிறது. பெரு உட்கரு அன்றாடப் படியெடுப்பை நடத்துகிறது. புணர்ச்சிக்குப் பிறகு புதிய பெரு உட்கரு உருவாகும்போது, சிறு உட்கருவின் டி.என்.ஏ.விலிருந்து ஏராளமான துண்டுகள் வெட்டி எறியப்படுகின்றன. பாரமீசியம் டெட்ராஉரேலியாவில் இத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 45,000 உள்ளன. இரு முனைகளிலும் டி.ஏ. என்ற எழுத்திணை உடைய இவற்றில் மிகச் சிறியவை 26 கார இணை (இரட்டை இழை டி.என்.ஏ.வின் எழுத்துச் சோடி) நீளமே கொண்டவை. நீளத்தில் இன்ட்ரானை ஒத்திருப்பதாலும், மரபணுக்களின் நடுவிலேயே அமைந்திருப்பதாலும், இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்ட ஆய்வேடுகளை ஆண்டுதோறும் பார்க்க முடிகிறது. நீக்கத்துண்டு டி.என்.ஏ. நிலையிலேயே போய்விடும், இன்ட்ரான் பெரு உட்கருவின் டி.என்.ஏ.வில் இருந்துகொண்டே, ஆர்.என்.ஏ. நிலையில் மட்டும் நீங்கும். இந்தக் கட்டுரை இன்ட்ரான்களைப் பற்றியது மட்டுமே.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்னபடி, இன்ட்ரானின் நீளமும் அதைக் காட்டும் வழியும். மரபணு டி.என்.ஏ.வையும், தூது ஆர்.என்.ஏ.விலிருந்து எதிர்ப்படியெடுத்த சி.டி.என்.ஏ.வையும் ஒரே பிரைமர் இணையால் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு எல்லைகளில் ஒட்டும் குறு டி.என்.ஏ. துண்டுகள்) பெருக்கி, இரண்டையும் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதே கல்லூரிகளில் வழக்கமான முறை. இரு பட்டைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடுதான் இன்ட்ரான். அந்த வேறுபாடு 100 கார இணைக்கு மேல் இருந்தால் சாதாரண அகரோஸ் ஜெல் போதும். 25 என்றால் போதாது.

இரண்டாவது, உயிரியைத் தூய்மையாகவும் போதிய அளவிலும் வளர்க்க முடியுமா என்பது. மூன்றாவது, பங்குனி சித்திரை வெயிலில் மின்வெட்டுக்கிடையே அது உயிரோடு இருக்குமா என்பது. வெளிநாட்டு நூல்கள் இதனை ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் டெல்டாவில் இதுவே பல திட்டங்களை மார்ச் மாதத்தோடு முடித்து வைத்திருக்கிறது. நான்காவது, அந்த இனத்தின் மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறதா என்பது. ஐந்தாவது, அது எந்த மரபுக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது என்பது. பல சிலியேட்டுகளில் பொதுக் குறியீட்டின் நிறுத்தக் குறியன்கள் (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூவெழுத்துச் சொற்கள்) அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. தவறான அட்டவணையைக் கொண்டு மொழிபெயர்த்தால், நல்ல எக்ஸானின் நடுவே இல்லாத நிறுத்தம் தோன்றி, இல்லாத இன்ட்ரானைத் தேட வைக்கும்.

| உயிரி | இன்ட்ரான் நீளம் | நிறுத்தக் குறியன் | வளர்ப்பு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| பாரமீசியம் டெட்ராஉரேலியா | பெரும்பாலும் 20–35 | யு.ஜி.ஏ. மட்டும் | பாக்டீரியா உணவு, 27 டிகிரி அளவு | கணினி வழி ஆய்வு |
| டெட்ராஹைமினா தெர்மோஃபிலா | புரத மரபணுக்களில் பல பத்து முதல் சில நூறு; ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் 413 | யு.ஜி.ஏ. மட்டும் | பாக்டீரியா இல்லாத ஊட்டச்சாறு, 30 டிகிரி | சோதனைக்கூட ஆய்வு |
| ஸ்டென்டார் சீருலியஸ் | 15–16 | பொதுக் குறியீட்டின் மூன்றும் | பாசி, சிற்றுயிரி உணவு. குளிர்ச்சி தேவை | ஒப்பீட்டு ஆய்வு, நுண்ணோக்கித் திறன் உள்ளோர் |
| பிளெஃபாரிஸ்மா ஸ்டோல்டெய் | 15–16 | யு.ஏ.ஏ., யு.ஏ.ஜி. | பாக்டீரியா, பாசி உணவு. ஒளி குறைவாக | ஸ்டென்டாருக்கு இணையான ஒப்பீடு |
| ஆக்சிட்ரைகா டிரைஃபாலக்ஸ் | ஆய்வின் மையமாக இல்லை | யு.ஜி.ஏ. மட்டும் | பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த உணவு | டி.என்.ஏ. மறுசீரமைப்பு ஆய்வு |

## பாரமீசியம்: கணினியில் செல்வம், ஜெல்லில் வறுமை

பாரமீசியம் டெட்ராஉரேலியாவின் பெரு உட்கரு மரபணுத் தொகுதி 2006-இல் வெளியிடப்பட்டது. 72 மில்லியன் கார இணைகளுக்குள் ஏறத்தாழ 40,000 மரபணுக்களும் ஏறத்தாழ 90,000 இன்ட்ரான்களும் அடங்கியிருப்பதாகத் தெரிய வந்தது. மரபணு எண்ணிக்கையில் மனிதனை மிஞ்சிய ஒற்றைச்செல் உயிரி என்பதால் அந்த ஆண்டில் அது பெரிதும் பேசப்பட்டது. இந்த எண்ணிக்கைக்குக் காரணம், அதன் முன்னோரில் முழு மரபணுத் தொகுதியும் குறைந்தது மூன்று முறை இரட்டித்திருப்பதே.

இன்ட்ரான் ஆய்வைப் பொறுத்தவரை இதன் மிகச் சிறந்த பயன் 2008-இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பில் இருக்கிறது. பாரமீசியத்தின் இன்ட்ரான்களை நீளவாரியாக எண்ணிப் பார்த்தபோது, நீளம் 3-இன் மடங்காக இருந்து, உள்ளே நிறுத்தக் குறியனும் இல்லாத இன்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஏதோவொரு காரணத்தால் ஓர் இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்கிவிட்டால், வாசிப்புச் சட்டகம் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் முறை) பிறழ்ந்தோ நேரடியாகவோ இடையில் ஒரு நிறுத்தக் குறியன் வந்துவிடும். அவ்வாறு அகால நிறுத்தம் கொண்ட தூது ஆர்.என்.ஏ.வைச் செல் அடையாளம் கண்டு சிதைத்துவிடும். ஆனால் 3-இன் மடங்கான நீளமும் நிறுத்தமில்லா வரிசையும் ஒருசேர இருந்தால், பிழை கண்டுபிடிக்கப்படாமல், நடுவில் எட்டு ஒன்பது அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்ட புரதம் உருவாகும். ஆகவே இயற்கைத் தேர்வு அத்தகைய இன்ட்ரான்களைக் களைந்து வந்திருக்கிறது.

இந்த முடிவை மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியிலேயே மீண்டும் சோதிக்க முடியும் என்பதுதான் பாரமீசியத்தின் பெருஞ்சிறப்பு. பாரமீசியம்டிபி என்ற தரவுத்தளத்திலிருந்து மரபணு அமைவிடக் கோப்பை இறக்கிக்கொண்டு, ஒவ்வோர் இன்ட்ரானின் நீளத்தையும் மூன்றால் வகுத்து மீதியைப் பதிந்து, உள்ளே டி.ஜி.ஏ. (ஆர்.என்.ஏ.வில் யு.ஜி.ஏ.) சட்டகத்தில் வருகிறதா என்று பார்த்தால் போதும். பைத்தான் மொழி ஓரளவு தெரிந்தவருக்கு இது இரண்டொரு வார வேலை. எஞ்சிய காலத்தில் பாரமீசியம் காடேட்டம் போன்ற உறவினத்தில் இதே போக்கு இருக்கிறதா என்று கேட்கலாம், அல்லது அதிகம் வெளிப்படும் மரபணுக்களில் இப்போக்கு வலுப்படுகிறதா என்று ஆராயலாம். இவை உண்மையான கேள்விகள். வெறும் செய்முறைப் பயிற்சிகள் அல்ல.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. கணினிப் பக்கத்தில், தரவுத்தளத்திலுள்ள இன்ட்ரான்கள் பலவற்றை முதலில் கணித்ததே ஒரு மென்பொருள். நீளத்தைப் பற்றிய ஊகம் அந்தக் கணிப்பிலேயே கலந்திருந்தால், நாம் கண்டுபிடிப்பது உயிரியின் இயல்பையா மென்பொருளின் இயல்பையா என்று தெரியாது. எனவே ஆர்.என்.ஏ. வரிசைத் தரவால் உறுதிசெய்யப்பட்ட இன்ட்ரான்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்.என்.ஏ. தரவை நீங்களே மரபணுத் தொகுதியோடு பொருத்துவதாக இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பழைய டாப்ஹேட் மென்பொருளில் இன்ட்ரானின் குறைந்தபட்ச நீளம் 70 என்றே முன்னமைவு இருக்கிறது. ஹைசாட்2-இல் அது 20, ஸ்டாரில் 21. இந்த எண்ணை மாற்றாமல் ஓட்டினால் டாப்ஹேட் பாரமீசியத்தின் இன்ட்ரான்களை ஏறக்குறைய முழுதுமே தவறவிடும். மற்ற இரண்டும் மிகக் குறுகியவற்றை இன்ட்ரான் என்று சொல்லாமல் டி.என்.ஏ. விடுபாடு என்று எழுதிவிடும். அதிகபட்ச நீளத்தையும் சில நூறாகக் குறைத்துவிட வேண்டும், இல்லையெனில் தொலைவிலுள்ள இரு மரபணுக்களை இணைத்து ஒரு பொய் இன்ட்ரானைக் காட்டும்.

சோதனைக்கூடப் பக்கத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். மரபணு டி.என்.ஏ.விலிருந்து 400, சி.டி.என்.ஏ.விலிருந்து 375 என்று வரும் இரு பட்டைகளை 1.5 சதவீத அகரோஸில் பிரித்துக் காட்டி வாய்மொழித் தேர்வில் நிற்பது கடினம். பெருக்கும் பகுதியை 120 அளவுக்குச் சுருக்கி, 10 சதவீதப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டினால் 120-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். அந்த ஜெல் வசதி உங்கள் துறையில் இருக்கிறதா, அதனை வார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். சி.டி.என்.ஏ. மாதிரியில் மரபணு டி.என்.ஏ. கலந்துவிட்டால், பெரிய இன்ட்ரான் உள்ள உயிரியில் இரண்டாவது பட்டை தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். பாரமீசியத்தில் இரண்டு பட்டைகளும் ஒன்றாகக் கலந்து பிழையை மறைத்துவிடும் என்பதால் டி.என்.ஏ. சிதைக்கும் நொதிப் படியைத் தவிர்க்கவே கூடாது. மேலும், அண்மைய இரட்டிப்பில் பிறந்த மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்னும் இணைகளாகவே இருப்பதால், ஒரே பிரைமர் இரண்டையும் பெருக்கி, வரிசைப்படுத்தலுக்கு அனுப்பினால் வரைபடத்தில் எழுத்துகளைக் காட்டும் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். இணை மரபணு இல்லாத மரபணுவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிரல் எழுதும் ஆர்வம் உள்ளவருக்கும், ஆய்வகச் செலவுக்கு நிதி இல்லாத துறைக்கும் பாரமீசியமே முதல் தேர்வு. பட்டையைக் கண்ணால் பார்த்தால்தான் நிறைவு என்பவருக்கு அன்று.

## டெட்ராஹைமினா: பட்டை தெரிய வேண்டுமென்றால் இதுவே

டெட்ராஹைமினா தெர்மோஃபிலாவின் பெயரிலேயே வெப்பத்தைத் தாங்கும் இயல்பு குறிக்கப்பட்டிருக்கிறது; டெல்டாவின் கோடைக்கு இது சிறு வரம் அன்று. பாக்டீரியா உணவு இன்றி, புரோட்டியோஸ் பெப்டோன் கலந்த ஊட்டச்சாறில் தனித்து வளரும். 30 டிகிரியில் ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். எனவே மாலையில் விதைத்தால் மறுநாள் காலை டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் பிரிக்கப் போதுமான செல்கள் கிடைக்கும். அந்தச் செல்களில் வேறெந்த உயிரியின் டி.என்.ஏ.வும் கலந்திராது.

இதன் இன்ட்ரான்களில் இரு வகைகளைத் தனித்தனியே கருத வேண்டும். முதலாவது, மற்ற யூகேரியோட்டுகளைப் போலவே புரத மரபணுக்களில் உள்ளவை. ஸ்பிளைசோசோம் என்ற பெருங்கூட்டமைப்பால் வெட்டப்படுபவை. இவை பாரமீசியத்தினவற்றைவிட நீளமானவை; 100-க்கு மேற்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண அகரோஸிலேயே வேறுபாடு தெரியும். இரண்டாவது, உலகப் புகழ்பெற்ற அந்த 413 நியூக்ளியோடைடு இன்ட்ரான். ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவில் இருப்பது. தாமஸ் செக் குழுவினர் 1982-இல், எந்தப் புரதத்தின் துணையும் இன்றி இந்த இன்ட்ரான் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறுகிறது என்று காட்டினர். நொதிகள் யாவும் புரதங்களே என்ற கருத்து அதனால் கைவிடப்பட்டது. சிட்னி ஆல்ட்மனோடு சேர்த்துச் செக்குக்கு 1989-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தன்வெட்டு இன்ட்ரான் செயல்படும் விதம் ஸ்பிளைசோசோமுக்குரிய இன்ட்ரான்களிலிருந்து வேறானது. வெளியிலிருந்து வரும் ஒரு குவானோசின் இன்ட்ரானின் முன் எல்லையைத் தாக்கி, அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. விடுபட்ட எக்ஸானின் முனை பின் எல்லையைத் தாக்கி அடுத்த எக்ஸானோடு இணைகிறது. ஒட்டிக்கொண்ட அந்த ஒரு குவானோசின் காரணமாகத்தான் வெளிவரும் நேர்க்கோட்டு இன்ட்ரான் 414 நியூக்ளியோடைடு நீளமாக இருக்கிறது. ஸ்பிளைசோசோம் வழியிலோ, இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கும் ஓர் அடினோசின் தாக்குதலைத் தொடங்கி, சுருக்குக் கயிறு போன்ற வடிவத்தில் இன்ட்ரான் வெளிவருகிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் ஒன்றையும் முடிவுகளில் மற்றொன்றையும் எழுதினால் தேர்வாளர் அதை முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

மாணவர் நிலையில் செய்யத்தக்க மிக எளிய சோதனை, ரைபோசோம் மரபணுவில் இந்த இன்ட்ரானின் இருபுறமும் பிரைமர் வைத்து, மரபணு டி.என்.ஏ.வையும் சி.டி.என்.ஏ.வையும் பெருக்குவது. வேறுபாடு 413, 1 சதவீத அகரோஸில் தொலைவிலிருந்தே தெரியும். இம்மரபணு பெரு உட்கருவில் ஏறத்தாழ 9,000 படிகளாக இருப்பதால் டி.என்.ஏ. போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தூது ஆர்.என்.ஏ.வின் முடிவில் இருக்கும் பாலி-ஏ வால் (ஏ எழுத்துகளின் தொடர்) ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்குக் கிடையாது. துறையில் இருக்கும் எதிர்ப்படியெடுப்புத் தொகுப்பில் அந்த வாலில் ஒட்டும் ஆலிகோ-டி.டி. பிரைமர் மட்டுமே இருந்தால் எதுவும் வராது, சீரற்ற ஆறெழுத்துப் பிரைமர்களை வாங்க வேண்டும். மொத்த ஆர்.என்.ஏ.வின் தரத்தைப் பார்க்கும்போதும் ஒரு குழப்பம் நேரும். டெட்ராஹைமினாவின் பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. முதிர்ச்சியின்போது நடுவில் வெட்டுண்டு, இரு பாதிகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் சேர்ந்திருப்பதால், சூடாக்கிய மாதிரியில் பெரிய பட்டை மறைந்து சிறிய பட்டைக்கு அருகில் போய்ச் சேரும், ஆர்.என்.ஏ. கெட்டுவிட்டது என்று எண்ணி மாதிரியைக் கொட்டிவிட வேண்டாம்.

சோதனைக்குழாயில் தன்வெட்டலை நேரடியாகக் காட்ட முயல்பவர்கள், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் நொதி கொண்டு முன்னோடி ஆர்.என்.ஏ.வைத் தயாரிப்பார்கள். அந்தக் கலவையிலேயே மெக்னீசியமும், வெட்டலைத் தொடங்கும் குவானோசினைக் கொண்ட ஜி.டி.பி.யும் இருப்பதால், தயாரிக்கும்போதே வெட்டல் தொடங்கிவிடுகிறது. தொடக்க நேரத்து மாதிரி என்று எதைக் காட்டுவது என்ற தடுமாற்றம் வரும். மெக்னீசிய அளவைக் கட்டுப்படுத்தியும் முன்னோடியை ஜெல்லிலிருந்து தனித்தெடுத்தும் இதனைச் சமாளிக்கலாம்; ஒரு பருவத்துக்கு அது சற்று அதிகமான வேலைதான்.

டெட்ராஹைமினாவின் முக்கிய மறைசெலவு, அது கிடைக்கும் வழி. இந்த இனம் வட அமெரிக்க நன்னீரைச் சேர்ந்தது. நம் குளத்தில் பேரிக்காய் வடிவில் ஒன்று நீந்தினாலும் அது தெர்மோஃபிலா என்று கொள்ள முடியாது, டெட்ராஹைமினா இனங்கள் எல்லாவற்றிலும் 413 இன்ட்ரான் இருப்பதும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பு நிலையத்திலிருந்து வரவழைக்க அனுமதியும் பணமும் காலமும் வேண்டும். இந்தியாவிலேயே இதனை வளர்க்கும் ஆய்வகங்கள் சில இருப்பதால், வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் ஐப்பசியிலேயே எழுதிக் கேட்பது நடைமுறை வழி. இன்னொரு செலவு பிரைமர் வடிவமைப்பில் வரும். இதன் மரபணுத் தொகுதியில் ஜி, சி எழுத்துகள் ஏறத்தாழ 22 சதவீதமே; பாரமீசியத்தில் 28. வழக்கமான 20 எழுத்துப் பிரைமர் இங்கு ஒட்டாது. நீளத்தைக் கூட்டி, இணைப்பு வெப்பநிலையைக் குறைத்து, பிரைமரை எக்ஸானுக்குள்ளேயே வைக்க வேண்டும், ஏனெனில் இன்ட்ரான்கள் எக்ஸான்களைவிடவும் ஏ, டி மிகுந்தவை.

## ஸ்டென்டாரும் பிளெஃபாரிஸ்மாவும்

ஸ்டென்டார் சீருலியஸின் மரபணுத் தொகுதி 2017-இல் வெளிவந்தபோது, அதன் இன்ட்ரான்கள் ஏறக்குறைய யாவும் 15 அல்லது 16 நியூக்ளியோடைடு நீளமே உடையவை என்று தெரிய வந்தது. முன் எல்லையின் ஜி.டி., பின் எல்லையின் ஏ.ஜி., இடையில் தாக்குதலைத் தொடங்கும் அடினோசின் ஆகிய மூன்றும் இந்த 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்பிளைசோசோமின் பெரிய துகள்கள் இவ்வளவு குறுகிய இடத்தில் எப்படி அருகருகே அமர்கின்றன என்பது திறந்த கேள்வி. 2023-இல் வரிசைப்படுத்தப்பட்ட பிளெஃபாரிஸ்மா ஸ்டோல்டெய் இனத்திலும் இதே 15–16 நீளம்தான். இரண்டும் ஹெட்டிரோடிரிக் என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவை. குறியீட்டில் மட்டும் வேறுபாடு உண்டு: ஸ்டென்டார் பொதுக் குறியீட்டையே பின்பற்றுகிறது, பிளெஃபாரிஸ்மாவில் யு.ஜி.ஏ. டிரிப்டோஃபானைக் குறிக்கிறது. சிலியேட்டு என்றவுடன் மொழிபெயர்ப்பு மென்பொருளில் சிலியேட்டுக் குறியீடு எனக் குறித்த ஆறாம் எண் அட்டவணையைத் தேர்ந்தெடுத்துவிடும் பழக்கம் இங்கே இரண்டு இனங்களிலும் தவறாகும்.

உயிரியாகப் பார்த்தால் ஸ்டென்டாரை விரும்பாதவர் இருக்க முடியாது. எக்காளம் போன்ற வடிவமும் நீல நிறமும் உடைய இது 1 மில்லிமீட்டர் அளவுக்கு நீள்வதால், சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே தெரியும். நுண்குழாயால் ஒவ்வொரு செல்லாக எடுத்துக் கழுவலாம். பச்சையாகத் தெரிவது வேறு இனம், உடலுக்குள் பாசி வளர்ப்பது. அதைச் சீருலியஸ் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் டெல்டாவில் இதனை வளர்த்துக் காப்பது எளிதன்று. 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் நன்றாக இருக்கும் உயிரி, பங்குனி வந்தவுடன் குளிர்காப்புப் பெட்டியின் மின்சாரத்தை நம்பியே வாழ வேண்டியிருக்கும். வளர்ச்சி மெதுவானது, பெருந்தொகையாகக் கிடைக்காது. பலரும் கவனிக்காத இன்னொன்று: பாரமீசியத்துக்கு உணவாகும் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வை ஆலிகோ-டி.டி. கொண்டு பெருமளவு ஒதுக்கிவிடலாம், ஸ்டென்டாருக்கு உணவாகும் பாசியோ யூகேரியோட்டு என்பதால் அதன் தூது ஆர்.என்.ஏ.வுக்கும் பாலி-ஏ வால் இருக்கும். செல்களைப் பட்டினி போட்டுக் கழுவிய பிறகே ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். 15 எழுத்து வேறுபாட்டை ஜெல்லில் காட்ட முயல்வதைவிட நேரே வரிசைப்படுத்தலுக்கு அனுப்புவதே அறிவுடைமை. கணினியிலும் ஹைசாட்2, ஸ்டார் இரண்டின் முன்னமைவும் 15-ஐவிடப் பெரியது என்பதால், அமைப்பை மாற்றாமல் ஓட்டியவருக்கு ஸ்டென்டாரில் இன்ட்ரானே இல்லை என்ற முடிவு கிடைக்கும்.

இதனால் ஸ்டென்டாரைத் தனித்து எடுப்பதைவிட, பாரமீசியம் அல்லது பிளெஃபாரிஸ்மாவின் பொதுத் தரவோடு ஒப்பிடும் இரண்டாவது உயிரியாக எடுப்பதையே பரிந்துரைப்பேன். அதற்குச் செல்களை வளர்க்கவே தேவையில்லை.

## ஆக்சிட்ரைகா

ஆக்சிட்ரைகாவின் பெரு உட்கருவில் ஏறத்தாழ 16,000 நுண் குரோமோசோம்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணு மட்டும். சிறு உட்கருவில் மரபணுத் துண்டுகள் வரிசை குலைந்து கிடந்து, பின்னர் சரியாக அடுக்கப்படுகின்றன. வியப்பானதே, ஆனால் அந்த வியப்பு டி.என்.ஏ. மறுசீரமைப்பைச் சேர்ந்தது, இன்ட்ரானைச் சேர்ந்ததன்று. இன்ட்ரானே உங்கள் கேள்வி என்றால் இதனை விட்டுவிடலாம்.

## குளத்து உயிரியா, ஆய்வக இனமா

நம் ஊர் நீரிலேயே கிடைக்கும் உயிரியை வைத்துச் செய்தால் என்ன என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. சேகரிப்பதில் டெல்டாவுக்குக் குறையே இல்லை. வைக்கோலைத் துண்டாக்கி நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சில நாள் திறந்து வைத்து, பாக்டீரியா பெருகி மேலே ஏடு படர்ந்த பின் குளத்து நீரைச் சிறிது சேர்த்தால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் பாரமீசியம் நீந்தத் தொடங்கும். அண்மையில் பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோலும், அவ்வயலிலிருந்து வடியும் நீரும் வேண்டாம். கோயில் குளமோ ஊர்க்குளமோ மேல். ஸ்டென்டார் தாமரை இலையின் அடிப்புறத்திலும் மூழ்கிய குச்சிகளிலும் ஒட்டியிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோர உப்புநீர்க் குட்டைகளில் நன்னீர் இனங்களைத் தேடிப் பயனில்லை.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவதால், வெண்ணாறு, வெட்டாறு, அரசலாற்று வாய்க்கால்களில் நீர் இருக்கும் காலம் இறுதிப் பருவத்தின் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது. மாதிரி எடுப்பதாக இருந்தால் தை மாதத்துக்குள் எடுத்து, வளர்ப்பை நிலைப்படுத்திவிட வேண்டும்.

இலவசமாகக் கிடைத்த இந்த உயிரிக்கு விலை பிறகு வருகிறது. பாரமீசியம் உரேலியா என்ற பெயரின் கீழ் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய முடியாத பல இனங்கள் அடங்கியிருக்கின்றன; 1975-இல் அவற்றில் 14-க்குத் தனிப் பெயர்கள் இடப்பட்டன. குளத்தில் பெரிதாகத் தெரிவது காடேட்டமாகவும் இருக்கலாம். அண்மைய இரு மரபணுத்தொகுதி இரட்டிப்புகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட அந்த இனத்தில், டெட்ராஉரேலியாவின் வரிசையைப் பார்த்து வடிவமைத்த பிரைமர் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரே செல்லிலிருந்து வளர்ப்பைத் தொடங்கி, முதலில் 18எஸ் எனப்படும் சிறிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவைப் பெருக்கி வரிசைப்படுத்தி, உங்களிடம் இருப்பது எந்த இனத்தொகுதி என்று அறிந்துகொள்ளுங்கள். அந்த முடிவு காடேட்டம் என்று வந்தால், 2014-இல் வெளிவந்த அதன் மரபணுத் தொகுதியிலிருந்து பிரைமர்களைப் புதிதாக வடிவமைக்கலாம். இரட்டைப் படிகள் குறைவாக இருப்பதால் வரிசைப்படுத்தலில் சிகரங்கள் கலக்கும் தொல்லையும் டெட்ராஉரேலியாவைவிட இதில் குறைவு. உரேலியா தொகுதி என்று மட்டும் வந்தால், 18எஸ் வரிசையால் அதற்குள் இனத்தைத் துல்லியமாகப் பிரிக்க இயலாது. மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றையும் வரிசைப்படுத்த வேண்டியிருக்கும், அதற்கான செலவை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.